வெண்ணெய்ப் பழத்தின் கொட்டை

கொடைக்கானல் மலைச்சரிவிலிருந்து வரும் வெண்ணெய்ப் பழத்தின் சதையைச் சர்க்கரையுடன் பிசைந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தபின், எலுமிச்சையளவு பருத்த அதன் கொட்டையை வீசியெறிய நமக்கு மனம் வருவதில்லை.

உலர்த்திப் பொடித்து உண்ணலாம் எனச் சிலர் கூறுகின்றனர். அதை நாம் ஏற்பதற்கில்லை. கசப்பு ஒருபுறமிருக்க, மனிதர் உண்பதற்கு அது தீங்கற்றது என இன்னும் நிறுவப்படவில்லை. ஆடு, முயல், கோழிகளுக்கும் இடலாகாது. அதிலுள்ள பெர்சின் என்னும் பொருள் அவற்றுக்கு நஞ்சு. நீரிலிட்டுக் கொதிக்கவைத்தால் இளஞ்சிவப்புச் சாயம் இறங்கும்; வெள்ளைப் பருத்தித் துணியைத் தோய்த்துப் பார்க்கலாம்.

நடுவதே மேல். காய்ந்த கொட்டை முளைக்காது. ஆதலால் உடனே கழுவி, அகன்ற பக்கம் கீழாகப் பாதியளவு ஈரமண்ணில் புதைத்துவிட வேண்டும். சில வாரங்களில் பிளந்து முளைவிடும். நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.

ஆனால், மாங்கொட்டையைப் போலவே, தாய்மரத்தின் கனியையே சேயிடமும் எதிர்பார்த்தல் கூடாது. காய்க்கப் பத்தாண்டுகளும் ஆகலாம். ஒட்டுக்கன்றைத் தோட்டக்காரர்கள் நாடுவது இதனாலேயே.

எனினும், கலிபோர்னியாவில் தபால்காரராயிருந்த ருடால்ப் ஹாஸ் 1920களில் நட்ட விதைகளுள் ஒன்று முளைத்துக் கன்றாயிற்று. அதில் ஒட்டு பிடிக்கவேயில்லை. வெட்டிவிட எண்ணியவர், ஏனோ விட்டுவைத்தார். அதன் கருந்தோல் கனியைப் பிள்ளைகள் விரும்பி உண்டனர். 1935இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று உலகில் மிகுதியாக விற்பனையாகும் ஹாஸ் வகை மரங்கள் யாவும் அவ்வொரு மரத்தின் ஒட்டுவழி வந்தவையே. வேரழுகல் நோயுற்ற அத்தாய்மரம் 2002இல் பட்டுப்போயிற்று.