மாடியில் சோலார்: முதலில் எக்ஸெல்லில் ஒரு கணக்கு!

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தாயிற்று. அடுத்து ஏ.சி. வரும், கூடவே கரண்ட் பில்லும் ஏறும். "மாடியில் சோலார் போட்டால் பில்லே வராதாமே?" என்று என்னிடம் கேட்பவர்கள் இப்போது அதிகம். தமிழ்நாட்டில் இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. பதில் உங்கள் பழைய பில்லில்தான் இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

மானியம் எவ்வளவு?

மத்திய அரசு 2024 பிப்ரவரியில் 'பிரதமர் சூர்ய கர்' திட்டத்தைத் தொடங்கியது. இதில் 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் ரூ.78,000 மானியம். எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் உச்சவரம்பு இதுதான். பணம் முன்கூட்டியே வராது. பேனல் பொருத்தி, மீட்டர் மாற்றி, ஆய்வு முடிந்த பிறகே உங்கள் வங்கிக் கணக்கில் சேரும். எனவே முழுத் தொகைக்கும் முதலில் நீங்கள்தான் வழி செய்ய வேண்டும்.

நெட் மீட்டர் என்றால் என்ன?

பகலில் பேனல் தரும் மின்சாரத்தில் வீட்டுக்குப் போக மிஞ்சுவது மின்வாரியத்தின் கம்பிக்குப் போகும். இரவில் அங்கிருந்து எடுத்துக்கொள்வீர்கள். போனதையும் வந்ததையும் ஒரே மீட்டர் தனித்தனியாகப் பதிவு செய்யும். இரண்டையும் கழித்துத்தான் பில் வரும்.

இனி கணக்கு

எக்ஸெல்லைத் திறந்துகொள்ளுங்கள். பழகுவதற்கு 2022 செப்டம்பரில் வந்த கட்டணப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் முழு ரூபாயாக இருப்பதால் அது எளிது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 400 வரை யூனிட்டுக்கு ரூ.4.50. பிறகு 500 வரை ரூ.6, 600 வரை ரூ.8, 800 வரை ரூ.9, 1000 வரை ரூ.10. மொத்தம் 500-ஐத் தாண்டாத வீட்டுக்கு 101 முதல் 200 வரை ரூ.2.25 மட்டுமே.

1 கிலோவாட் பேனல் நாளுக்கு 4 யூனிட், அதாவது 2 மாதத்துக்கு 240 யூனிட் தருவதாக வைத்துக்கொள்வோம்.

* 900 யூனிட் வீடு: பில் ரூ.5,550 என்பது ரூ.3,290 ஆகும். மிச்சம் ரூ.2,260.
* 350 யூனிட் வீடு: ரூ.900 என்பது ரூ.22.50 ஆகும். மிச்சம் ரூ.877.50.
* 200 யூனிட் வீடு: மொத்த பில்லே ரூ.225. அதற்கு மேல் மிச்சம் பிடிக்க வழியில்லை.

ஒரு நிறுவனம் இதற்கு ரூ.70,000 விலை சொன்னால், மானியம் போக உங்கள் கைப்பணம் ரூ.40,000. முதல் வீட்டுக்கு அது 3 ஆண்டில் திரும்பிவிடும். இரண்டாவது வீட்டுக்கு ஏழரை ஆண்டுக்கு மேல் ஆகும். மூன்றாவது வீட்டுக்கோ சுமார் 30 ஆண்டு! பேனல்களுக்கு உற்பத்தித் திறன் உத்தரவாதம் வழக்கமாக 25 ஆண்டுதான். பேனல் ஒன்றே, வெயிலும் ஒன்றே. ஆனால் சோலார் முதலில் குறைப்பது பில்லின் உச்சியில் இருக்கும் விலை உயர்ந்த யூனிட்டுகளை. அதனால்தான் இத்தனை வித்தியாசம்.

கரண்ட் போனால்?

இதை விற்பனையாளரிடம் அவசியம் கேளுங்கள். பேட்டரி இல்லாத, மின்வாரியக் கம்பியோடு இணைந்த சோலார், கரண்ட் போன உடனே தானும் நின்றுவிடும். கொளுத்தும் வெயிலிலும் அப்படித்தான். கம்பத்தில் வேலை செய்யும் மின் ஊழியர் மீது உங்கள் வீட்டு மின்சாரம் பாயக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு இது. எனவே கம்ப்யூட்டருக்கு யூ.பி.எஸ். தேவைதான். கரண்ட் இல்லாதபோதும் சோலார் ஓட வேண்டும் என்றால் பேட்டரியுடன் கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும். அதன் விலை தனி.

ஆகவே கடைசி 6 பில்களை எடுத்து வையுங்கள். மின்வாரியத்தின் இன்றைய கட்டணத்தையும் மற்ற கட்டணங்களையும் சேர்த்து, மேலே சொன்ன கணக்கை உங்கள் வீட்டுக்குப் போட்டுப் பாருங்கள். அதன் பிறகு விலைப்புள்ளி கேளுங்கள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டும் வீடு என்றால் தாராளமாக யோசிக்கலாம். 200-க்குள் அடங்கும் வீடு என்றால், அந்தப் பணத்துக்கு நல்ல யூ.பி.எஸ். ஒன்று வாங்கிக்கொண்டு மீதியைச் சேமித்து வையுங்கள்.