சுமைகூலி முக்காற்பணம்

"சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம்" என்பது நம்மவர் பழமொழி. கடைவீதியில் பிறந்த இம்மொழி, கடைவீதியே இல்லாத ஒரு வியாபாரத்துக்கு இத்துணைப் பொருத்தமாக அமையுமென்று அதை முதலிற் சொன்னவர் எண்ணியிருக்க மாட்டார். இணையத்தின் வழியாக நடைபெறும் ஏலங்களையே நாம் இங்கு குறிப்பிடுகிறோம்.

இவ்வேலங்களைப் பிரபலமாக்கிய ஈபே என்னும் ஸ்தாபனம், 1995-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில், பியர் ஒமிடியார் என்பவரால் தொடங்கப்பெற்றது. விற்பவனையும் வாங்குபவனையும் கூட்டிவைத்து, விற்பனை முடிந்ததும் விற்றவனிடம் தரகு பெறுவதே அதன் தொழில். விற்பவன் ஓர் ஊரிலும், வாங்குபவன் ஆயிரம் மைலுக்கு அப்பாலும் இருப்பர். ஆகவே, பொருளைச் சிப்பங்கட்டி அனுப்புவது அவசியமாகிறது. அச்செலவை அனுப்புக்கூலி என்றும் சிப்பக்கூலி என்றும் பெயரிட்டு, விலைக்குப் புறம்பாக வசூலிப்பது வழக்கமாயிற்று.

இவ்வழக்கம் தன்னளவில் குற்றமுடையதன்று. நம் பத்திரிகைகளில் வெளிவரும் புஸ்தக விளம்பரங்களின் அடியில் "தபாற் செலவு தனி" என்று கண்டிருப்பதை யாரும் ஆட்சேபித்ததில்லை. தபால் கட்டணத்தோடு பெட்டிக்கும், காகிதத்துக்கும், கட்டுபவனின் உழைப்புக்கும் ஏதேனும் சேர்ப்பதும் நியாயமே. நாம் ஆட்சேபிப்பது, கூலியின் பெயரைச் சொல்லிக்கொண்டு விலையின் பெரும்பகுதியை அதனுள் ஒளித்துவைக்கும் தந்திரத்தைத்தான்.

இத்தந்திரம் பிறந்த காரணத்தை ஆராய்வோம். பல வருஷங்கள் வரையில் ஈபே, ஏலம் முடிந்த விலையின்மீது மட்டுமே தரகைக் கணக்கிட்டு வந்தது. அனுப்புக்கூலியின்மீது தரகு கிடையாது. தரகு நூற்றுக்கு 10 வீதம் என்று உதாரணத்துக்காக வைத்துக்கொள்வோம். ஒருவன் ஒரு புஸ்தகத்தை 10 டாலருக்கு விற்று, அனுப்புக்கூலி 3 டாலர் பெற்றால், அவன் கொடுக்கவேண்டிய தரகு 1 டாலர். அதே புஸ்தகத்தை ஒரு சென்டுக்கு விற்று, அனுப்புக்கூலி 12.99 டாலர் என்று எழுதிவிட்டால், தரகு ஏறக்குறைய ஒன்றுமேயில்லை. வாங்குபவன் கொடுப்பதோ இரண்டிலும் 13 டாலர்தான்.

இதனால் விளைந்த ஆதாயம் தரகு மீதியோடு நிற்கவில்லை. விலைகளை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பவனுடைய கண்ணில் ஒரு சென்ட் புஸ்தகமே முதலிற் பட்டது. நேர்மையாக விலையிட்டவனுடைய சரக்கு பட்டியலின் அடியில் கிடந்தது. பொருள் பழுதாக வந்து, வாங்கியவன் அதைத் திருப்பியனுப்பினாலோ, "விலையைத் தந்துவிடுகிறேன், கூலி திரும்பாது" என்ற நிபந்தனை குறுக்கே நின்றது. பதின்மூன்று டாலர் கொடுத்தவன் ஒரு சென்டைத் திரும்பப் பெறுவதை நியாயமென்று எவர் கூறுவர்?

வாங்குபவன் இரண்டையும் கூட்டிப் பார்க்கமாட்டானா என்று கேட்கலாம். தன்ஜிம் ஹுஸைன், ஜான் மார்கன் என்னும் பொருளாதார ஆசிரியர் இருவர், ஈபேயிலேயே இசைத்தட்டுகளையும் விளையாட்டுத் தட்டுகளையும் ஏலம் விட்டு இதைச் சோதித்து, முடிவுகளை 2006-இல் வெளியிட்டனர். ஒரு முறையில் ஆரம்ப விலை 4 டாலர், அனுப்புக்கூலி இல்லை. மற்றொரு முறையில் ஆரம்ப விலை ஒரு சென்ட், அனுப்புக்கூலி 3.99 டாலர். இரண்டிலும் வாங்குபவன் கொடுக்கவேண்டிய குறைந்த தொகை ஒன்றே. அப்படியிருந்தும், இரண்டாவது முறையிலேயே ஏலம் கேட்டவர் அதிகம். விற்றவருக்குக் கூலியையும் சேர்த்துக் கிடைத்த தொகையும் பொதுவாக அதிகம். இசைத்தட்டின் கூலியை 6 டாலராக உயர்த்தியபோது மாத்திரம் அந்த ஆதாயம் மறைந்துவிட்டது. கூலி மிதமிஞ்சிக் கண்ணை உறுத்தும்போது மனிதன் விழித்துக்கொள்கிறான். அளவாக இருக்கும்போது அதை மறந்துவிடுகிறான் என்பதே இதிலிருந்து நாம் அறிவது.

ஈபே ஸ்தாபனம் வாளாவிருக்கவில்லை. 2007-இல் அனுப்புக்கூலியின் நியாயத்தைப் பற்றி வாங்கியவர்கள் தனியே மதிப்பெண் இடும் முறையைக் கொண்டுவந்தது. 2008-இல் புஸ்தகம், இசை, திரைப்படம் முதலிய சில இனங்களுக்குக் கூலியின் உச்சவரம்பை விதித்தது. இறுதியில், 2011 ஜூலை முதல் அமெரிக்காவில் அனுப்புக்கூலியையும் சேர்த்த மொத்தத் தொகையின்மீது தரகு விதித்தது. தந்திரத்தின் முதல் வேர் அத்துடன் அறுந்தது. ஆனால் தபாலாபீஸில் செலுத்திய பணத்துக்கும் தரகு கொடுக்க நேர்ந்த நாணயமான விற்பனையாளர் முறையிட்டனர். குற்றம் செய்தவன்மீது விதித்த அபராதத்தை நிரபராதியும் செலுத்துவதாயிற்று. அம்முறையீட்டில் நியாயமில்லையென்று நாம் சொல்லமாட்டோம்.

இனிச் சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். ஒரு பொருளைத் தன் கையிற் பெறுவதற்காக வாங்குபவன் தவறாமற் கொடுத்தே தீரவேண்டிய முழுத்தொகையே அதன் விலை. இக்கொள்கையை இந்தியச் சட்டம் தெளிவாக ஏற்றிருக்கிறது. மின்வணிகம் பற்றிய 2020-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், பிறருடைய தளத்தில் விற்பவன் மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்டவேண்டுமென்றும், அதனுள் அடங்கிய அனுப்புக்கூலி, தபால் மற்றும் சிப்பச் செலவு, வரி முதலியவற்றைப் பிரித்துக் காட்டவேண்டுமென்றும் விதிக்கின்றன. முதலிற் குறைந்த விலையைக் காட்டிவிட்டுப் பின்னர்த் துளித்துளியாக ஏற்றும் முறை, 2023 நவம்பரில் வெளியான வழிகாட்டு நெறிகளில் தகாத வியாபார முறைகளுள் ஒன்றாகக் குறிக்கப்பட்டது. பிரிட்டனிலும் இத்தகைய தடை 2025 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அமெரிக்காவிலோ, 2025 மே மாதம் அமலுக்கு வந்த மத்திய சர்க்கார் விதி, நேரடி நிகழ்ச்சிகளின் டிக்கெட்டுகளையும் குறுகிய காலத் தங்குமிடங்களையும் மட்டுமே கட்டுப்படுத்துகிறது. இத்தந்திரம் பிறந்த தேசத்திலேயே ஏலச் சரக்குகள் அவ்விதிக்குப் புறம்பாக நிற்பது விசித்திரமன்றோ!

சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. வாங்குபவரும் விழிப்புடன் இருத்தல் வேண்டும். ஏலம் கேட்குமுன், அப்பொருளுக்கு மொத்தத்தில் எவ்வளவு கொடுக்கலாமென்று நிச்சயித்து, அதிலிருந்து அனுப்புக்கூலியைக் கழித்து, மிஞ்சியதையே தமது கடைசிக் கேள்வியாக வைத்துக்கொள்ளுதல் நலம். பட்டியலை விலையும் கூலியும் சேர்த்த தொகையின்படியே வரிசைப்படுத்திப் பார்க்கவேண்டும். பொருளின் எடைக்குத் தபால் கட்டணம் என்ன ஆகுமென்று விசாரித்து, எழுதப்பட்ட கூலியோடு ஒப்பிடவேண்டும். ஒருவனிடமே இரண்டு மூன்று பொருள்களை வாங்கினால், ஒரே சிப்பமாகக் கட்டிக் கூலியைக் குறைக்கும்படி கேட்க வெட்கப்படலாகாது. திருப்பியனுப்பும் நிபந்தனையைப் பணம் கொடுப்பதற்கு முன்னரே படிக்கவேண்டும். பொருள் விவரித்தபடி இராவிட்டால் அனுப்புக்கூலி உட்பட முழுத்தொகையும் திரும்பவேண்டுமென்பது இன்று ஈபேயின் விதி. மனம் மாறித் திருப்பினால், முதலிற் கொடுத்த கூலி பொதுவாகத் திரும்பாது.

ஒருவன் இழப்பது இரண்டு டாலரோ மூன்று டாலரோ ஆகலாம். அதற்காக அவன் நியாயஸ்தலம் ஏறமாட்டான். அற்பமென்று ஒவ்வொருவரும் விட்டுக்கொடுக்கும் தொகை பல்லாயிரம் பேரிடமிருந்து சேரும்போது பெருஞ் செல்வமாகிறது. அதைவிடப் பெரிய நஷ்டம், உள்ள விலையை உள்ளபடி எழுதியவன் தோற்பதும், ஒளித்தவன் வெல்வதுமாகும். அத்தகைய சந்தையில் நாணயம் நெடுநாள் தங்காது. ஆகையால், கொடுக்கவேண்டிய முழுத்தொகையை முதல் வரியிலேயே எழுதென்று விற்பவனைக் கேட்பது வாங்குபவனுடைய உரிமை. எழுதாதவனிடம் வாங்க மறுப்பது அவன் கடமை.