மாடும் மிளாவும் சந்திக்கும் இடம்

நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறைக்குப் பேருந்தில் போயிருக்கிறீர்களா? முதலில் வயல் வரும்; பிறகு வாழையும் தென்னையும்; அதற்கப்பால் ரப்பர்த் தோட்டம்; கடைசியில் காடு. ஒன்று எங்கே முடிகிறது, மற்றது எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கடினம். மேய்ச்சலுக்குப் போன மாடு காட்டோரம் வரை போய்விடும். இரவில் மிளாவும் காட்டுப்பன்றியும் தோட்டத்துக்குள் இறங்கிவிடும். 2008-ஆம் ஆண்டில் இம்மாவட்டக் காடுகளில் சுமார் 402 சதுர கிலோமீட்டர் பரப்பு வனவுயிர்ச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அறிவிப்புப் பலகையை மிளா படிப்பதில்லை!

இப்படிக் கலந்து வாழும்போது ஒன்றின் நோய் மற்றதற்குத் தொற்றுமா? தொற்றும். 1968-ஆம் ஆண்டில் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் காட்டுமாடுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. காரணம் வெக்கை நோய். நமக்குத் தட்டம்மை உண்டாக்கும் வைரசுக்கு நெருங்கிய உறவான ஒரு வைரசால் வருவது அது. வீட்டு மாடுகளையும் எருமைகளையும் நூற்றாண்டுக் கணக்கில் வாட்டி வந்த அதே நோய்தான்.

இந்நோய் காட்டிலேயே நிலைத்திருக்கிறதா, வீட்டு மாடுகளிடமிருந்து காட்டுக்குப் போகிறதா? இதற்குத் தெளிவான விடை கிழக்கு ஆப்பிரிக்காவின் செரங்கெட்டிச் சமவெளியில் கிடைத்தது. அங்கே சுற்றுவட்டாரத்து மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். காட்டு விலங்கு ஒன்றுக்குக்கூடப் போடவில்லை. ஆயினும் 1960-களின் தொடக்கத்தில் காட்டு விலங்குகளிடையேயும் நோய் மறைந்துவிட்டது. 1961-இல் ஏறத்தாழ 2½ லட்சமாக இருந்த வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான்கள், 1970-களின் இறுதிக்குள் 10 லட்சத்தைத் தாண்டின. நோய் ஊரிலிருந்துதான் காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது என்பது இதனால் விளங்கியது. இந்தியாவிலும் மாடுகளுக்கு விடாமல் ஊசி போட்டதால் 1995-க்குப் பிறகு வெக்கை நோய் தோன்றவில்லை. 2011-இல் உலகிலிருந்தே அது ஒழிந்தது.

சரி, மற்ற நோய்கள் இருக்கின்றனவே! ஒரு மாவட்டத்தின் எல்லா மாடுகளையும் எல்லாக் காட்டு விலங்குகளையும் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எங்கே ஊசியை முதலில் கொண்டு போவது, எங்கே கண் வைப்பது? இதற்குத்தான் வரைபடம் வேண்டும்.

காட்டோரத்தின் வரைபடத்தைச் சதுரங்களாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு சதுரமும் 1 கிலோமீட்டர் நீள அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் ஒரு டிரேசிங் தாளை விரித்து, எந்தச் சதுரத்தில் எத்தனை மாடுகள் மேய்கின்றன என்று குறிக்க வேண்டும். சாணமும் குளம்படியும் சொல்லும். எல்லாவற்றையும்விட, மாடு மேய்ப்பவர் சொல்வார். இன்னொரு தாளில் காட்டு விலங்குகள். புழுக்கை, காலடித் தடம், மரத்தில் உடம்பை உரசிய அடையாளம், மரத்தில் கட்டிவைத்த தானியங்கிக் கேமராவின் படம் ஆகியவை சான்று. சில இடங்களில் விலங்கின் கழுத்துப் பட்டையில் செயற்கைக்கோள் உதவியால் இடங்காட்டும் கருவியையே பொருத்திவிடுகிறார்கள்.

இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். ஒரு சதுரத்தில் 40 மாடுகள், மிளா ஒன்றும் இல்லை. அடுத்ததில் 8 மாடுகள், 5 மிளாக்கள். எது அபாயமானது? கூட்டிப் பார்த்தால் முதலாவது பெரிதாகத் தெரியும். பெருக்கிப் பாருங்கள்: முதலாவது 0, இரண்டாவது 40. கூட்டம் எங்கே அதிகம் என்பதல்ல, சந்திப்பு எங்கே அதிகம் என்பதே கேள்வி. பெரும்பாலும் விடை ஓர் ஓடையாகவோ உப்பு மண் நக்கும் இடமாகவோ இருக்கும்.

இனிமேல்தான் சுவையான சிக்கல். ஓடைக்கரைக் கேமராவில் மாடு பதிவானது பகல் 11 மணிக்கு. மிளா பதிவானது இரவு 2 மணிக்கு. இவை சந்தித்தனவா, இல்லையா? நோய்க்கிருமியைக் கேட்டால்தான் தெரியும்!

வெக்கை நோய் வைரஸ் வெயில் பட்டால் சில மணி நேரத்தில் அழிந்துவிடும். எனவே ஒரே நேரத்தில், அருகருகே இருந்தால்தான் அதற்கு வழி. அடைப்பான் நோயை உண்டாக்கும் பாக்டீரியா அப்படியல்ல. இறந்த விலங்கின் இரத்தம் மண்ணில் பட்டதும் அது ஓடு போர்த்த வித்தாக மாறி, பல பத்தாண்டுகள் அங்கேயே உயிரோடு கிடக்கும். உங்கள் தாத்தா காலத்தில் இறந்த மாட்டின் கிருமி இன்று புல் கடிக்கும் யானைக்குள் போகலாம். 2021-இல் கோவையை அடுத்த ஆனைகட்டிப் பகுதியில் ஒரு யானை அடைப்பானால் இறந்தது. இந்நோய்க்கு வரைபடம் போடுவோர் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. முன்பு எங்கெங்கே விலங்குகள் இறந்தன, எங்கே புதைத்தார்கள் என்ற பழங்கணக்கைத் தேடுவார்கள்.

மூன்றாவது வகை இன்னும் விசித்திரமானது. 1957-இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்தில், கியாசனூர்க் காட்டில் குரங்குகள் இறந்து விழுந்தன. அருகிலிருந்த ஊர்களில் மனிதருக்கும் கடுங்காய்ச்சல் கண்டது. அதனால் குரங்குக் காய்ச்சல் என்ற பெயர் நிலைத்தது. வைரசைச் சுமப்பது காட்டு உண்ணி. மாட்டுக்கு இந்நோய் வருவதில்லை. ஆனால் வளர்ந்த உண்ணி இரத்தம் குடிப்பது மாட்டிடம்தான். மழைக்காலத்தில் குடித்துவிட்டு, மாடு நடந்த தடத்தில் உதிர்ந்து முட்டையிடும். குஞ்சு பொரித்து இளம் உண்ணியாகி, பனியும் வெயிலும் வரும் மாதங்களில் குரங்கையும் விறகு பொறுக்கப் போனவரையும் கடிக்கும். மாடு போய்ப் பல மாதம் ஆகியிருக்கும்! ஆகவே ஆடி மாதத்து மாட்டுத் தடத்தை மாசி மாதத்துக் குரங்குத் தாளின்மேல் வைத்தால்தான் இந்த வரைபடம் சரியாக வரும்.

இந்நோய் பிறகு நீலகிரி, வயநாடு வரை தென்பட்டது. காடும் தோட்டமும் கலந்து கிடந்து, நாட்டு மாடுகளும் மிகுதியாக உள்ள இடங்களில் அபாயம் கூடுதல் என்று 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. கீரிப்பாறைச் சாலையோரமும் காடும் தோட்டமும் கலந்ததுதான். அங்கே நோய் இருக்கிறது என்று இதற்குப் பொருளல்ல. குரங்கு இறந்து கிடந்தால் கையால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லவேண்டிய இடம் என்று பொருள்.

நாஞ்சில் நாட்டுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. இங்கே இரு பருவமழையும் பெய்யும். நெல்லும் இரு பூ. கும்பப்பூ அறுவடையானபின் வயல் வெறுமையாகக் கிடக்கும். மாடுகள் தாளடியில் மேயலாம். கன்னிப்பூ நட்டபின் வயலில் இடமில்லை. அப்போது மாடுகள் எந்தப் பக்கம் ஓட்டப்படுகின்றன? வயல்கள் வாழைத்தோட்டங்களான ஊர்களில் என்ன செய்கிறார்கள்? எந்த ஓடையில் தண்ணீர் காட்டுகிறார்கள்? உங்கள் ஊரில் மாடு மேய்க்கும் பெரியவரிடம் மாதவாரியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு டிரேசிங் தாள்கள் போதும். காட்டுக்குள் கால் வைக்காமலே முதல் அடுக்கு முடிந்துவிடும். அதைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மிளாவின் அடுக்கு வனத்துறையிடம் இருக்கும்.