முடக்குவாதமும் புதிய ஊசி மருந்தும்

காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடியவில்லை. தேநீர்க் கோப்பையைப் பிடிக்க ஒரு மணி நேரம் ஆகிறது. ஈஜோக், புக்கிட் ரோத்தான் தோட்டங்களில் இப்படிச் சொல்லும் தாய்மார்கள் உண்டு. "மழையில் பால் வெட்டிய பலன்" என்று தாங்களே தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். மூட்டுத் தேய்மான வலி வேலை செய்யச் செய்ய ஏறும். ஓய்வுக்குப் பின் இறுகி, இரு கைகளும் ஒன்றுபோல் வீங்கினால் அது முடக்குவாதமாக இருக்கலாம்.

இந்நோயில் உடம்பின் ஜாகாவே வீட்டுக்காரரைத் திருடன் என்று அடிக்கிறான். கிருமியை எதிர்க்க வேண்டிய சக்தி மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. முன்பு தோட்டத்தில் விடியுமுன் தப்படித்து ஆள் கூட்டுவார்கள் அல்லவா? உடம்புக்குள் அந்தத் தப்பு, டி.என்.எஃப். என்ற புரதம். அதன் ஓசையை அடக்கினால் தாக்குதல் தணியும். 1992இல் லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி இருவரும் அப்படியொரு மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்து நல்ல பலன் கண்டனர். மைனி நமது பஞ்சாபின் லூதியானாவில் பிறந்தவர்.

இன்ஃபிளிக்ஸிமாப், எட்டானர்செப்ட், அடலிமுமாப் ஆகியவை இவ்வகை. உயிருள்ள செல்களில் தயாராகும் புரதங்கள் ஆதலால் உயிரியல் மருந்து என்று பெயர். விழுங்கினால் வயிறு முட்டையைப்போல் செரித்துவிடும், ஆகவே ஊசி. வீட்டில் போடும் ஊசியைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கவேண்டும். உறைந்துவிட்டால் வீண்.

விலை மிக அதிகம். எடுத்தவுடன் தரவும் மாட்டார்கள். பெரும்பாலும் முதலில் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரைதான். நேயர்களே, இது வாரத்தில் ஒரே ஒரு நாள் விழுங்குவது. தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது.

ஜாகாவின் கையைக் கட்டினால் உண்மைத் திருடனும் நுழைவான். நெஞ்சுக்குள் உறங்கும் காசநோய் விழித்துக்கொள்ளும். அதனால்தான் ஊசிக்கு முன் எக்ஸ்ரேயும் காசநோய்ச் சோதனையும். லயத்தில் யாருக்குக் காசநோய் வந்தாலும் மறைப்பது நம் வழக்கம். டாக்டரிடம் மட்டும் மறைக்காதீர்கள். காய்ச்சலோ நாள்பட்ட இருமலோ கண்டால், அவரைக் கேட்காமல் அடுத்த ஊசி வேண்டாம்.

மூட்டெலும்பு அரிப்பு முதல் இரண்டு ஆண்டுகளிலேயே தொடங்கலாம். அரித்துப்போன எலும்பை எந்த ஊசியும் பழையபடி ஆக்குவதில்லை. பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் இன்னும் சொல்லும் பெஸ்தாரி ஜெயாவில் இருப்பவர்கள், முதலில் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய்க் கடிதம் கேளுங்கள். செலாயாங் மருத்துவமனையில் மூட்டுநோய்ப் பிரிவு இருக்கிறது. போகும்போது, இதுவரை விழுங்கிய மாத்திரைகளின் உறைகளையும் கையோடு கொண்டுபோங்கள்.