பேர் பெறாத திராட்சை மலைகள்

நம் மாத்தூர்ச் சாலையோரத் தள்ளுவண்டிகளில் கருநீல நிறத்தோடு குவிந்திருக்கும் பன்னீர் திராட்சையை அறியாத அங்கத்தினர் எவரும் இரார். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் விளைந்து, சுமார் 500 கிலோமீட்டர் லாரியில் பயணம் செய்து நம்மை வந்தடையும் பழம் இது. மேனாட்டார் இதனை ஹாம்பர்க் மஸ்கட் என்பர். அலெக்சாந்திரியா மஸ்கட் என்ற கொடியும் ஸ்கியாவா என்ற கொடியும் கலந்து பிறந்தது இவ்வினம். ஸ்கியாவா இன்றும் பயிராகும் இடங்களுள் முக்கியமானது, இத்தாலியின் வடகோடியில் ஆல்ப்ஸ் மலைச்சரிவிலுள்ள ஆல்டோ அடிஜே. ஆகவே நம் தள்ளுவண்டிக்கும் அம்மலைக்கும் ஒருவகை உறவு உண்டு.

இத்தாலிய ஒயின் என்றதும் உலகத்தார் கியாந்தியையும் பரோலோவையுமே கூறுவர். இவற்றின் நிழலில் மறைந்த திராட்சைப் பிரதேசங்கள் பல உள. அவற்றைப் பற்றி நாம் எழுதப் புகுந்தது அங்கத்தினர்களை மதுவின்பால் திருப்புவதற்கன்று. சிறு அளவு நிலமே உடைய விவசாயிகள் தங்கள் ஊரின் பெயரைத் தாமே காத்துக்கொண்ட வகையை அங்கே காண்கிறோம்.

ஆல்டோ அடிஜேயில் ஸ்கியாவா நெடுங்காலம் மலிவுச் சரக்காகவே கருதப்பட்டது. கொடியில் அளவுக்கு மீறிக் காய்க்கவிட்டு, எடைக்கு விற்றதே இதற்குக் காரணம். எனினும் அங்குள்ள டெர்லானோ என்னும் ஊரில் 1893-லேயே 24 விவசாயிகள் கூடிச் சங்கம் அமைத்தனர். இன்று அப்பிரதேசத்து ஒயினில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு கூட்டுறவுச் சங்கங்களிலிருந்தே வருகிறது. மேற்கே கரேமா என்ற சிற்றூரிலும் 1960-இல் ஒரு சங்கம் தோன்றியது. பாறைச் சரிவில் கல்தூண் நாட்டி அதன்மேல் பந்தலிட்டுக் கொடி ஏற்றுகின்றனர். பகலில் தூண் ஏற்கும் வெப்பம் குளிர்ந்த இரவில் கொடிக்கு உதவுகிறது. பந்தல் முறை கம்பத்தாருக்குப் புதிதன்று.

விரிவாகக் கூற வேண்டியது பார்பரெஸ்கோவின் வரலாறாகும். முன்னர் இவ்வூர்த் திராட்சை பரோலோ தயாரிப்பாளர்களுக்கு விலையாயிற்று. விளைவித்தவன் ஊர்ப் பெயர் பெரிதும் வெளித்தெரியவில்லை. அருகிலுள்ள ஆல்பா நகர ஒயின் கலைப் பள்ளியின் தலைமையாசிரியர் டொமிஜியோ கவாத்ஸா என்பார், 1894-இல் 9 விவசாயிகளைச் சேர்த்துத் தமது கோட்டையிலேயே ஒயின் செய்வித்து, அதற்கு ஊரின் பெயரையே சூட்டினார். 1920-களில் பாசிச ஆட்சியின்போது அச்சங்கம் மூடப்பட்டது. பின்னர் 1958-இல் அவ்வூர்ப் பாதிரியார் 19 குடும்பங்களை மீண்டும் ஒன்றுகூட்டினார். கட்டடம் ஏது? முதல் மூன்று ஆண்டுகளின் ஒயினை மாதாகோயிலின் நிலவறையிலேயே செய்தனர்!

அச்சங்கத்தின் விதிகள் கடுமையானவை. அங்கத்தினர் தம் நெபியோலோ திராட்சை முழுவதையும் சங்கத்துக்கே அளிக்க வேண்டும். நல்ல குலையை வெளியாருக்கும் எஞ்சியதைச் சங்கத்துக்கும் தருவதற்கு இடமில்லை. (நம் சங்கங்களில் இது எத்துணைச் சச்சரவுக்குக் காரணமென்பது நாமறிந்ததே.) விலையோ, எடையை மட்டுமின்றிப் பழத்தின் சர்க்கரையளவையும் தரத்தையும் சார்ந்தது. நல்ல ஆண்டுகளில் 9 தோட்டங்களின் ஒயினைத் தனித்தனியே அடைத்து, தோட்டத்தின் பெயரோடு வெளியிடுவர். விளைச்சல் தரம் குறைந்த ஆண்டில் அனைத்தையும் ஒன்றாகக் கலந்து பொதுப் பெயரில் மட்டுமே விற்பர். தனிப்பெயரால் கிடைக்கும் கூடுதல் இலாபத்தை அவ்வாண்டு இழக்கச் சம்மதிக்கின்றனர்.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிட்டியது. காஞ்சிபுரம் பட்டுக்கு அது 2005-இலேயே கிட்டிற்று. குறியீடு பெற்ற பின்னரும் விசைத்தறிச் சேலை அப்பெயரில் விலைபோவதை நெசவாள அங்கத்தினர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. திராட்சை விவசாயியின் இடர்ப்பாடு இன்னும் பெரிது. சேலையைப் பெட்டியில் வைத்து நல்ல விலைக்குக் காத்திருக்கலாம். பன்னீர் திராட்சையோ சில நாட்களில் காம்பினின்று உதிரும். வியாபாரி கூறிய விலைக்குக் கொடுத்தே தீரவேண்டும். பழத்தைக் கெடாத பொருளாக மாற்றும் இடம் தன் கையில் இருந்தாலன்றி விவசாயி பேரம் பேச இயலாது. அது ஒயின் சாலையாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை, அதற்கு அரசின் உரிமமும் வேண்டும். பழச்சாறும் ஜாமும் செய்யும் பொதுச்சாலையே போதும்.

இதில் கம்பத்தாருக்கு இத்தாலியரினும் ஒரு வசதி அதிகம். அங்கே ஆண்டுக்கு ஒரே அறுவடை, அதுவும் இலையுதிர் காலத்தில். எஞ்சிய மாதங்களில் புதுப்பழம் வருவதில்லை. கம்பத்திலோ கவாத்து செய்யும் காலத்தை மாற்றி மாற்றி வைப்பதால், ஆண்டு முழுதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் குலை அறுக்கப்படுகிறது. பொதுச்சாலை ஒன்று அமைந்தால் அதற்குப் பழமின்றி அடைத்து வைக்கும் மாதம் இராது.