அழித்த கோப்பு எங்கே போகிறது?

சிவகாசி அருகே எங்கள் உயர்நிலைப் பள்ளியில் இரண்டு பழைய கணினிகள் ஓரமாகக் கிடந்தன. அவற்றை இருப்புப் பதிவேட்டிலிருந்து நீக்க அனுமதி கிடைத்ததும், உள்ளிருக்கும் தகவல்களை அழிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ஹார்ட் டிஸ்க்கை 'குயிக் ஃபார்மேட்' செய்துவிட்டு, வேலை முடிந்ததென்று இருந்தேன். கணினி பழுதுபார்க்கும் முன்னாள் மாணவர் ஒருவர் அப்போது பள்ளிக்கு வந்திருந்தார். "சார், ஒரு நிமிஷம்" என்று சொல்லி மீட்பு மென்பொருளை ஓட்டினார்.

திரையில் வந்தது நானே தட்டச்சு செய்த ஒரு விண்ணப்பம். பட்டாசு ஆலை விபத்தில் தந்தையை இழந்த மாணவிக்கு, அரசு வழங்கும் 75,000 ரூபாய் நிதியுதவி கேட்டு எழுதியது. இறப்புச் சான்று, தாயின் வங்கிக் கணக்கு எண், ஆதார் நகல் எல்லாம் கூடவே இருந்தன. அந்த டிஸ்க் பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கோப்பை அழிப்பதும் குயிக் ஃபார்மேட் செய்வதும் புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழிப்பது போன்றவை. பக்கங்கள் அப்படியே இருக்கும். அவற்றின்மேல் வேறு தகவல் எழுதப்படும் வரை மீட்டெடுக்கலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இருவர் பழைய ஹார்ட் டிஸ்க்குகள் 158 வாங்கிச் சோதித்து, 2003இல் முடிவை வெளியிட்டனர். இயங்கிய 129இல் முறையாக அழிக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே.

முழு டிஸ்க்கிலும் பூச்சியம் எழுதினால் போதுமா? அங்கும் ஒரு சிக்கல் உண்டு. விண்டோஸின் கண்ணுக்கே தெரியாத பகுதிகள் டிஸ்க்கில் இருக்கலாம். ஒன்று எச்.பி.ஏ. டிஸ்க்கின் கடைசிப் பகுதியை ஒதுக்கி, கணினி நிறுவனங்கள் மீட்பு மென்பொருளை அங்கே வைப்பதுண்டு. மற்றொன்று டி.சி.ஓ. இது டிஸ்க்கின் கொள்ளளவையே குறைத்துக் காட்டும். பழுதானவை என டிஸ்க் தானே ஒதுக்கிவைத்த செக்டர்களிலும் பழைய தகவல் தங்கியிருக்கலாம். சாதாரண அழிப்பு மென்பொருள் இவற்றைத் தொடாமல் போய்விடும்.

நான் இப்போது பின்பற்றும் முறை இது:

1. தேவையான பதிவுகளை வேறிடத்தில் நகலெடுத்து, திறக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

2. அழிக்கவேண்டிய டிஸ்க்கை மட்டும் கணினியில் நேரடியாக இணைத்து, பென் டிரைவிலிருந்து லினக்ஸை இயக்க வேண்டும். விலையில்லா மடிக்கணினியில் வந்த பாஸ் லினக்ஸ் நமக்குப் பழகியதுதான்.

3. 'எச்டிபார்ம்' என்ற கருவி இரண்டு எண்களைக் காட்டும்: இப்போது தெரியும் செக்டர்கள், மொத்த செக்டர்கள். இரண்டும் வேறுபட்டால் எச்.பி.ஏ. இருக்கிறது, அதை முதலில் நீக்க வேண்டும். பிறகு மொத்த எண்ணை டிஸ்க்கின் லேபிளோடு ஒப்பிட வேண்டும். 500 ஜி.பி. டிஸ்க்கில் 512 பைட் செக்டர்கள் 97,67,73,168 இருக்கும். குறைந்தால் டி.சி.ஓ. இருக்கலாம். அதை நீக்குவதை விவரம் தெரிந்தவரிடம் விடுவது நல்லது.

4. அடுத்து, டிஸ்க்கிலேயே உள்ள 'செக்யூர் எரேஸ்' கட்டளை. அதன் மேம்பட்ட வகை இருந்தால் ஒதுக்கப்பட்ட செக்டர்களும் அழியும். பல மணி நேரம் ஆகலாம். நடுவில் மின்சாரம் போகக்கூடாது.

5. முடிந்தபின் மீட்பு மென்பொருளை ஓட்டிப் பார்க்க வேண்டும். எதுவும் வரக்கூடாது.

ஏழு முறை எழுதி அழிக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு முறை முழுமையாக எழுதினாலே போதும். எஸ்.எஸ்.டி.க்கு மட்டும் மேலெழுதுவதை நம்பக்கூடாது. அதற்குரிய அழிப்புக் கட்டளையைத்தான் பயன்படுத்த வேண்டும். இயங்காத டிஸ்க்கை உடைத்துத் தரும் வசதியுள்ள, பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுப்பதே முறை. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளும் மறுசுழற்சியாளர் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்கின்றன.

எங்கள் பள்ளியில் இப்போது டிஸ்க்கின் வரிசை எண், அழித்த நாள், அழித்தவர் கையொப்பம் மூன்றையும் பதிவேட்டில் எழுதிய பிறகே கணினி வெளியே போகிறது. அந்த மாணவியின் தாய் நம்மை நம்பித்தான் அந்தக் காகிதங்களைக் கொடுத்தார். உங்கள் பள்ளி அறையின் மூலையிலும் ஒரு பழைய கணினி இருக்கும். அடுத்த வாரமே திறந்து பாருங்கள்.