பொட்டலம் வந்த நேரம் எது?

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே, காதங்கியில் 1993 முதல் முழுமையாக இயங்கும் ரேடார், 53 மெகாஹெர்ட்ஸ் அலைகளை வானில் செலுத்தி அவற்றின் எதிரொலியைக் கேட்கிறது. எதிரொலி திரும்பும் நேரமே உயரத்தின் அளவு. அதில் ஒரு மைக்ரோ விநாடி பிழைத்தால், உயரம் 150 மீட்டர் பிழைபடும்.

தகவல் பொட்டலங்களை அனுப்பிக் கணிப்பொறிகளின் கடிகாரங்களை ஒத்தியங்கச் செய்கையிலும் இவ்விடர் உண்டு. மென்பொருள் ஓய்வு கிடைத்தபின் நேரம் குறித்தால், பொட்டலம் காத்திருந்த பொழுதும் கணக்கில் புகும். அக்காத்திருப்பு முறைக்குமுறை மாறுவதால் கழித்துத் திருத்தவும் இயலாது. தபால் முத்திரையைக் கடிதத்தைப் பிரிப்பவரே இடுவது போன்றதாகும் இது! எனவே வாயிலிலுள்ள வன்பொருளே நேரம் குறித்தல் வேண்டும். அப்போதும், குறித்த நேரத்தை இயக்குநிரல் உரிய பொழுதில் படிக்காவிடின், ஒன்றின் நேரம் மற்றொன்றின்மேல் ஏறக்கூடும். வரிசை எண்ணையும் உடன் குறிக்கும் வன்பொருளாயின், இரண்டும் பொருந்தியபின்னரே நேரத்தை ஏற்குமாறு நிரலைத் திருத்துவர்.